கிட்டாரில் நேராகச் செருகும் எஃபெக்ட் யூனிட்: ஓயாத இரைச்சல், சர்ச் மிக்ஸரில் பாதி சத்தம் காணோம். உதவி தேவை

வண்ணை_ஸ்ட்ரிங்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், மாடி அறையில் இருக்கிறேன். கீழ் வீட்டில் கைக்குழந்தை. ராத்திரியில் ஆம்ப் போட வழியே இல்லை. அதனால் கிட்டார் ஜாக்கிலேயே செருகிக்கொள்ளும் சின்ன யூனிட் ஒன்று வாங்கினேன். ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ செல் இரண்டில் ஓடும். கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு), டோன், வால்யூம் என்று மூன்று திருகு. டிலேயும் (எதிரொலி) ரிவெர்ப்பும் (பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற முழக்கம்) உண்டு. இயர்போனுக்கு ஒரு துளை, போனிலிருந்து பாட்டு ஓடவிட ஆக்ஸ் துளை ஒன்று. கிட்டார் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை. கம்பியின் அதிர்வை சிக்னலாக மாற்றும் பிக்கப் மூன்று, மூன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள்.

பிரச்சினை மூன்று. கெய்னைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ‘கொர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல் வந்து வாசிப்பதையே மூழ்கடிக்கிறது. கம்பியைத் தொட்டாலும் குறைவதில்லை, ஆனால் ஜாக்கைச் சுற்றியுள்ள தகட்டைத் தொட்டால் குறைகிறது. அடுத்தது, கிட்டாரைக் கொஞ்சம் அசைத்தாலே படபடவென்று வெடிக்கிறது, சில நேரம் சத்தமே நின்றுவிடுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் கொயருக்கு வாசிக்கிறேன். இயர்போன் துளையிலிருந்து வயர் எடுத்து மிக்ஸரில் கொடுத்தால், கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. ரிவெர்ப் வருகிறது, வாசிக்கிற நோட்டு வரவில்லை. அதே யூனிட் இயர்போனில் அருமையாகக் கேட்கிறது.

யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இல்லை, வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடல் வாங்கினால் சரியாகுமா? கிறிஸ்துமஸ் கேரல் தொடங்குவதற்குள் முடிவு பண்ண வேண்டும்.

எண்ணூர்_பேஸ்:

ரயில் பாதை பக்கத்தில் என்கிறீர்களே, அதுதான் காரணம் ப்ரோ. மேலே ஓடுவது 25,000 வோல்ட் ஏசி. சிங்கிள் காயில் அதை அப்படியே இழுக்கும். எங்கள் வீடும் தண்டவாளத்துக்குப் பக்கம்தான், கும்மிடிப்பூண்டி லோக்கல் கிளம்பும்போது என் பேஸ் கிட்டாரில் ஹம் (‘ஊம்’ என்ற கரண்ட் இரைச்சல்) கூடும். ஹம்பக்கர் (ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) மாற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_சால்டர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். எண்ணூர் நண்பர் சொல்வது பொய்யில்லை. லோக்கல் இழுக்கும்போது மேல்கம்பியிலும் தண்டவாளத்திலும் கரண்ட் கூடும், காந்தப்புலமும் கூடும். ஆனால் அந்த ஹம் ரயிலோடு வந்து ரயிலோடு போகும். உங்களுடையது ஓயாமல் இருக்கிறது. அதோடு, கம்பியைத் தொட்டால் குறையாமல் தகட்டைத் தொட்டால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பெரிய துப்பு அதுதான்.

முதலில் கிட்டாரின் வால்யூமைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், யூனிட்டின் கெய்ன் அப்படியே இருக்கட்டும். கிட்டார் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் ஜாக்கின் சிக்னல் முனை கிரவுண்டோடு சேர்ந்துவிடும், பிக்கப் பேசாது. இரைச்சல் நின்றால் அது கிட்டாரிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் யூனிட், செல், அல்லது ஆக்ஸ் வயர். யூனிட்டைக் கழற்றி வெறுமனே ஆன் செய்து பார்க்காதீர்கள். அந்த பின் காற்றிலேயே ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுக்கும், நல்ல யூனிட்டும் கெட்டதாகத் தெரியும்.

அப்புறம் ஒரு கேள்வி. ஆக்ஸில் மாட்டும்போது போன் சார்ஜில் இருக்கிறதா? இரண்டு பின் சார்ஜருக்கு எர்த் கிடையாது. உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாகத் துளி கரண்ட் போனின் கிரவுண்டுக்கு வந்துகொண்டே இருக்கும். சார்ஜில் இருக்கும் இரும்பு உடம்பு போனைத் தடவினால் விரலில் ‘சுர்’ரென்று இருக்குமே, அதே கரண்ட்தான். ஆக்ஸ் வயர் வழியாக அது யூனிட்டின் கிரவுண்டுக்குள் நுழையும். உங்கள் யூனிட் செல்லில் ஓடுகிறது, அதற்கு எர்த்தே இல்லை. வந்த இரைச்சல் போக இடமில்லாமல் உள்ளேயே நின்று கெய்னில் பெரிதாகும்.

இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வண்ணை_ஸ்ட்ரிங்ஸ்:

நன்றி அண்ணா. நேற்று ராத்திரி பார்த்தேன். போன் சார்ஜில்தான் இருந்தது. பிடுங்கியதும் பெரும்பகுதி போய்விட்டது, நம்பவே முடியவில்லை! ஆனால் ஆக்ஸையும் கழற்றிய பிறகு இன்னும் ஒரு மெல்லிய ஹம் இருக்கிறது. கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கினால் அதுவும் நிற்கிறது. அறையில் திரும்பி நின்றால் கூடுகிறது, குறைகிறது. கம்பியைத் தொட்டால் இப்போதும் வித்தியாசமே இல்லை.

தண்டையார்பேட்டை_சால்டர்:

அப்படியென்றால் யூனிட் நல்லதுதான். மிச்சம் இருப்பது கிட்டாரில்.

திரும்பி நின்றால் மாறுவது சிங்கிள் காயிலின் இயல்பு. ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பின் டிரைவர், பழைய டியூப்லைட் சோக் எல்லாம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் காந்தப்புலம் வீசும். ஃபேனை அணைத்துப் பாருங்கள், சுவரிலிருந்து தள்ளி உட்காருங்கள். பிக்கப் ஸ்விட்ச்சை இரண்டாவது அல்லது நான்காவது இடத்தில் வையுங்கள். நடு பிக்கப் எதிர்ப்புறம் சுற்றியதாக இருந்தால் அந்த இரண்டு இடத்திலும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். எல்லா கிட்டாரிலும் அப்படிச் சுற்றியிருக்க மாட்டார்கள், ஆனால் சோதிக்கக் காசு செலவில்லை.

கம்பியைத் தொட்டால் மாறாமல் இருப்பது மட்டும் இயல்பில்லை. நம் உடம்பும் இரைச்சலை வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கும். கம்பி கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், விரல் பட்டதும் உடம்பும் கிரவுண்டாகி ஹம் தணிய வேண்டும். தகட்டைத் தொட்டால் தணிகிறது, கம்பியைத் தொட்டால் தணியவில்லை என்றால் கம்பிக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது.

கிட்டாரைக் கவிழ்த்துத் துணி விரித்து வையுங்கள். பின்பக்கத் தகட்டின் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினால், ஸ்பிரிங்குகள் கோத்திருக்கும் பல் பல்லான ஒரு இரும்புத் தகடு தெரியும். கிளா என்பார்கள். பெரிய ஸ்க்ரூ இரண்டு அதை மரத்தோடு பிடித்திருக்கும். அதன் மேல் ஒரு கறுப்பு வயர் ஈயத்தால் ஒட்டியிருக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல்காற்றில் முதலில் போவது அந்த இடம்தான். ஈயம் பார்க்க மொத்தமாக, நன்றாகத்தான் இருக்கும். வயரை லேசாக ஆட்டினால் ஈயம் அப்படியே கையோடு வரும், அடியில் பச்சையும் துருவுமாக இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் பீப் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றை ஜாக் தகட்டிலும் வையுங்கள். பீப் வராவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்யும்போது ஒரு கவனம். அந்தத் தகடு தடிமன், சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் அதற்குப் போதாது. ஈயம் மேலே உருகி உட்காரும், தகட்டைப் பிடிக்காது. நான்கு மாதத்தில் மறுபடி இதே கதை. 60 வாட் அயர்ன் வேண்டும். தகட்டை அரத்தால் பளபளவென்று வரும்வரை ராவி, ஃபிளக்ஸ் தடவி, தகட்டைச் சூடாக்கி ஈயத்தைத் தகட்டில் ஓடவிடுங்கள். அயர்ன் முனையில் உருக்கி மேலே அப்பாதீர்கள். வீட்டில் அயர்ன் இல்லையென்றால் தெருவில் டிவி, மிக்ஸி பார்ப்பவர் யாரிடமும் கொடுக்கலாம், இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

பெரம்பூர்_ரிதம்:

அந்தப் படபட சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதற்கு நான் சொல்கிறேன்.

ஜாக்கில் நேராகச் செருகும் பெட்டி ஒன்றும் புது யோசனை இல்லை தம்பி. 1970களில் டான் ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில் ஆரஞ்சு ஸ்க்வீசர், கிரீன் ரிங்கர் என்று சின்னச் சின்னப் பெட்டிகள் வந்தன, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், கிட்டாரிலோ ஆம்பிலோ நேராகச் செருகலாம். ஹெட்போனில் முழு ஆம்ப் சத்தம் என்பதை 1982இல் டாம் ஷோல்ஸ் ராக்மேன் என்ற பெட்டியில் கொண்டுவந்தார், அது இடுப்பில் மாட்டுவது. இரண்டையும் சேர்த்த மாதிரிதான் வாக்ஸ் ஆம்ப்ளக் முதல் இன்றைக்குக் கிடைக்கும் யூனிட்டுகள் எல்லாம். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வடிவத்துக்கு ஒரே நோய்: பெட்டியின் மொத்த எடையும் அந்த ஒரு பின்னில் தொங்குகிறது. வயரின் பின் அசைந்தால் வயர் வளைந்து கொடுக்கும். பெட்டி வளையாது, ஜாக்கை நெம்பும். ஸ்ட்ராட்டின் ஜாக் குழிக்குள் சாய்வாக இருப்பதால் பெட்டியின் விளிம்பு தகட்டில் இடித்து, பின் முழுசாக உள்ளே போகாமலும் நிற்கும். மடங்கும் பின் உள்ள யூனிட்டாக இருந்தால் மடக்கி, இடிக்காத கோணத்தில் போடுங்கள்.

ஜாக் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். பின்னின் நுனியைப் பிடிக்கும் வளைந்த நாக்கு ஒன்று இருக்கும். பின்னைச் செருகும்போது அந்த நாக்கு நன்றாக விலகி, திரும்ப அழுத்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் விரலாலேயே மெல்ல உள்பக்கம் வளையுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் நாக்கையும் உள்வளையத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, மேல்பூச்சு போனால் இரண்டு மழைக்காலம் தாங்காது. கழற்றும்போது ஜாக்கின் நட்டும் ஆடுகிறதா என்று பார்த்து இறுக்குங்கள்.

அதற்குப் பிறகு, ஒரு முனை ஆண், ஒரு முனை பெண் என்று ஒரு சாண் நீளக் கால் இன்ச் மோனோ வயர் ஒன்று செய்துகொள்ளுங்கள். யூனிட்டை ஸ்ட்ராப்பில் வெல்க்ரோ போட்டுக் கட்டிவிடலாம், எடை ஜாக்குக்கு வராது. கேரலுக்குத் தெருத்தெருவாக நடக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

காசிமேடு_மிக்ஸர்:

மூன்றாவது பிரச்சினை என் துறை. வண்ணை நண்பரே, மிக்ஸருக்குக் கொடுக்கும் வயரின் பின்னில் எத்தனை கறுப்பு வளையம்? இரண்டு என்றால் ஸ்டீரியோ, ஒன்று என்றால் மோனோ.

வண்ணை_ஸ்ட்ரிங்ஸ்:

இரண்டு முனையிலும் இரண்டு வளையம் அண்ணா. ஒரு பக்கம் 3.5 மி.மீ., மறுபக்கம் கால் இன்ச்.

காசிமேடு_மிக்ஸர்:

அதுதான். யூனிட்டின் இயர்போன் துளையில் இடது, வலது என்று இரண்டு சிக்னல். கிட்டார் இரண்டிலும் ஒரே மாதிரி வருகிறது. ஆனால் மிக்ஸரின் லைன் துளை பேலன்ஸ்டு. அந்தப் பின்னில் வரும் இரண்டு சிக்னலையும் அது இடது, வலது என்று பார்க்காது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலை நீக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்? உங்கள் நோட்டு காணாமல் போகிறது. ரிவெர்ப் இரண்டு பக்கமும் வேறு வேறாக வருவதால் அது மட்டும் தப்பிக்கிறது.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுபக்கம் கால் இன்ச் மோனோ இரண்டாகப் பிரியும் வயர். அதில் ஒரு பின்னை மட்டும் மிக்ஸரில் கொடுங்கள், மற்றதை டேப் சுற்றித் தொங்கவிடுங்கள். சேனல் காலி இருந்தால் இரண்டையும் கொடுத்து, பேன் (pan) திருகை ஒன்றில் இடது பக்கமும் மற்றதில் வலது பக்கமும் வைத்துக்கொள்ளலாம். யூனிட்டில் மோனோ பின்னைச் செருகாதீர்கள். வலது பக்க சிக்னல் நேராகக் கிரவுண்டில் போய் முட்டும், செல் சீக்கிரம் தீரும், உள்ளே இருக்கும் சின்ன ஐசிக்கும் நல்லதில்லை. கன்வெர்ட்டர் போட்டு மைக் துளையில் கொடுக்கவும் வேண்டாம். யாராவது 48 வோல்ட் பான்டம் (மைக்குக்கு மிக்ஸர் அனுப்பும் கரண்ட்) போட்டிருந்தால் அது யூனிட்டுக்குள் ஏறும். யூனிட் வால்யூமைப் பாதியில் வைத்து, மிக்ஸர் கெய்னைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள்.

எண்ணூர்_பேஸ்:

நானும் இப்படி ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ப்ளூடூத் இயர்போனுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் மாட்டிக்கொள்ளலாமா? வயர் தொல்லை இருக்காதே.

பெரம்பூர்_ரிதம்:

பாட்டு கேட்கச் சரி, வாசிக்க வேண்டாம்பா. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 0.1, 0.2 விநாடி தாமதமாக வரும். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு தட்டு அரை விநாடி. விரல் அடித்த பிறகு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கிட்டத்தட்ட அரைத் தட்டு வரை கழித்துக் காதில் கேட்டால் கை தானாகவே பின்வாங்கும், தாளம் கெட்டுப்போகும். வயர் உள்ள ஹெட்போனே போடு.

வண்ணை_ஸ்ட்ரிங்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை அண்ணா சொன்னது அப்படியே. தகட்டைத் திறந்து வயரைத் தொட்டதும் ஈயம் உருண்டையாகக் கழன்று வந்தது, அடியில் பச்சை. எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனிடம் பெரிய அயர்ன் இருந்தது, அவரே ராவி வைத்துக் கொடுத்தார். இப்போது கம்பியில் விரல் பட்டதும் ஹம் தணிகிறது. இரண்டாவது, நான்காவது இடத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஜாக் நாக்கை வளைத்ததில் படபட சத்தமும் நின்றது. மிக்ஸர் வயர் வாங்கிவிட்டேன், ஒத்திகையில் நோட்டு தெளிவாக வந்தது, கொயர் மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். செல் அடிக்கடி தீர்கிறது. சார்ஜ் செய்யும் செல் போடலாமா?

தண்டையார்பேட்டை_சால்டர்:

போடலாம். அது ஒன்று 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. இரண்டுக்கும் சேர்த்து 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4 வரும். சில யூனிட்டில் டிஸ்டார்ஷன் கொஞ்சம் சீக்கிரம் பிசிறும், வீட்டுப் பயிற்சிக்கு அது பெரிய விஷயம் இல்லை. கேரல் ராத்திரிக்கு மட்டும் புது ஆல்கலைன் போடுங்கள், ஒரு ஜோடி பாக்கெட்டிலும் இருக்கட்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான கார்பன் செல் வேண்டாம், அதுதான் அடிக்கடி தீர்வதற்குக் காரணமாக இருக்கும். வாசிக்காத வாரங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.