புள்ளிகளில் தெரியாத பிள்ளைகள்: யாழ்ப்பாணத்திலிருந்து சில அனுபவங்கள்

கொக்குவில் ஆசிரியை:

18 வருடங்களாக உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். படிப்பில் கெட்டிக்காரரான பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நான் கண்டதை முதலில் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ஏ. தரம் 12 இன் முதல் தவணையில் என் பாடத்தில் 34 புள்ளிகள். தாளைக் கொடுத்தபோது நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வாரம் முழுவதும் அவன் பாடசாலைக்கு வரவில்லை. தாயாரைக் கேட்டால், காலையில் சீருடை போட்டுச் சைக்கிளில் புறப்படுகிறான் என்கிறார். கடைசியில் பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதியில் அவனைக் கண்டேன். விரித்த பத்திரிகையின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னான்: “ரீச்சர், இதுவரை எனக்கு விளங்காத பாடம் என்று ஒன்று இருந்ததில்லை. விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.”

பதினொரு வருடங்கள் அவனுக்கு எத்தனையோ கற்பித்தோம். உதவி கேட்கக் கற்பிக்கவில்லை. தரம் 6 முதல் 9 வரை ‘வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும்’ என்றொரு பாடமே இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்கு வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அது தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் முதல் பத்து நிமிடங்களை ஒதுக்கினேன். ஒவ்வொருவரும் அரைத் தாளில் அந்த வாரம் விளங்காத ஒன்றை எழுத வேண்டும். விரும்பினால் பாடத்துக்கு வெளியே மனத்தை அழுத்தும் ஒன்றையும் எழுதலாம். முதல் தாளை நான் எழுதி வாசித்தேன். அந்த மாணவனின் முதல் தாளில் ஒரே ஒரு வரிதான்: “தொகையீடு. ஆரம்பத்திலிருந்தே.” அதை எழுதி முடிக்க அவனுக்குப் பத்து நிமிடமும் தேவைப்பட்டது. பொறியியல் பீடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை எழுதிப் பௌதிக விஞ்ஞானத்துக்குப் போனான். இப்போது அவனும் ஓர் ஆசிரியன்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு பொறியியலாளர்:

ரீச்சர், அந்தப் பிள்ளையின் நிலையில் நானும் இருந்திருக்கிறேன். தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாம் வருடம். நான்கு பேர் சேர்ந்து ஐஸ்கிரீம் குச்சிகளால் ஒரு பாலம் கட்ட வேண்டும். தாங்கிகளை வைத்த இடம் பிழை என்று எனக்கு முதல் நாளே தெரியும். கணக்கும் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மொழிதான் காரணம் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மற்ற மூவரில் ஒருவன் தமிழன். அவனிடம்கூட நான் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்திருக்க, மூன்றாவது எடைக்கல்லை வைத்ததும் பாலம் முறிந்தது.

சிறுவயதில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் என்னை “அடக்கமான பிள்ளை” என்று மெச்சுவார்கள். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால், மற்றவரின் மனம் நோகாமல் “இது சரியில்லை என்று நினைக்கிறேன்” என்று சொல்வது வேறொரு திறமை. அதை இருபத்தைந்து வயதில், வேலைத்தளத்தில் கற்றுக்கொண்டேன். இன்று ஆட்களை வேலைக்கு எடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். சான்றிதழ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன. பிழை விட்ட ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் தலைகுனிந்து விடுகிறார்கள். மனம் வலிக்கிறது.

நல்லூரிலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 3 புள்ளிகள் குறைந்துவிட்டன. தங்கையின் மகள் சித்தியடைந்துவிட்டாள். பெறுபேறு வந்த அன்று கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் தொலைபேசி ஓயவில்லை. “எத்தனை, எத்தனை” என்ற ஒரே கேள்விதான். நான் தொலைபேசியை அணைத்துவிட்டு, மகளோடு குசினியில் உட்கார்ந்து முருங்கையிலை உருவினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டாள்: “அம்மா, எனக்குக் கவலையாகவும் இருக்கிறது, அவளை நினைக்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வருமா?” வரும் பிள்ளை, என்றேன். பின்னேரம் அவளே ஒரு வாழ்த்து அட்டை வரைந்து எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள். பத்து வயதுப் பிள்ளை தன் மனத்தைப் பிரித்துப் பார்த்த அந்தக் கணத்தை எந்தப் புலமைப்பரிசிலுக்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன்.

மானிப்பாய், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்:

“இதெல்லாம் படிப்புக்கு இடைஞ்சல்” என்று பெற்றோர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை எடுத்துச் சொல்வேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73 இல் பிறந்த சுமார் 1,000 பிள்ளைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறுவயதில் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் கூடியவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பணநிலையிலும் மேலாக இருந்தார்கள். குடும்ப வசதி, நுண்ணறிவு இரண்டையும் கணக்கில் எடுத்த பின்பும் அந்த வேறுபாடு நின்றது. மற்றது, 2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்பித்த 213 பாடசாலைத் திட்டங்களையும் அவற்றில் பங்குபெற்ற 270,000 இற்கும் மேற்பட்ட மாணவர்களையும் அது ஆராய்ந்தது. பயிற்சி பெற்றவர்களின் படிப்பும் உயர்ந்திருந்தது: 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவன் 11 இடங்கள் முன்னே போவதற்குச் சமமான உயர்வு. காரணம் விளங்கக் கடினமானதல்ல. பயத்தை அடக்கப் போராடும் மூளைக்குக் கணக்கை நினைவில் வைத்திருக்க இடம் போதாது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கிளித்தட்டு விளையாடியே இதில் பாதியைக் கற்றோம். கோட்டை மிதித்தானா இல்லையா என்று சண்டை வரும். தீர்த்து வைக்கப் பெரியவர் எவரும் வரமாட்டார்கள். ஆட்டம் தொடர வேண்டுமென்றால் நாங்களே இணங்க வேண்டும். இன்று அந்தப் பின்னேரம் முழுவதையும் ரியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டது. வாரத்தில் இரண்டு பின்னேரங்களையாவது பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

மனம் உடைந்த பிள்ளை யாரிடமும் பேசாமல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கொக்குவில் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. நல்லூர் அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியை என் வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி தாருங்கள். இன்று இந்தத் தவணையின் முதல் திங்கள். 31 அரைத் தாள்கள் வந்தன. அவற்றில் இரண்டு வெறுமையாக இருந்தன. நாளை இடைவேளையில் அந்த இருவரோடும் வேப்பமரத்தடியில் உட்காரப் போகிறேன்.