இன்சுலேஷனுக்குத் தமிழ்: காப்பா, மின்காப்பா, மின்னுறையா?

வியாசர்பாடி ஆசிரியர்:
வணக்கம். மின்மாற்றிப் பழுதுகள் பற்றிய பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய குறிப்பில் இன்சுலேஷனும் 'காப்பு', புரொடெக்‌ஷனும் 'காப்பு'. முன்னது மின் கசியாமல் தடுக்கும் பொருள், பின்னது பழுது வந்தால் மின்னைத் துண்டிக்கும் ஏற்பாடு. தேர்வில் ஒரு மாணவர் 'காப்பு செயலிழந்ததால் சுருள் எரிந்தது' என்று எழுதிவிட்டார். சுருளில் சுற்றிய தாள் கெட்டதா, பழுதை உணர்ந்து மின்னைத் துண்டிக்கச் செய்யும் ரிலே இயங்கவில்லையா? மதிப்பெண் போட முடியாமல் தவித்தேன்.

தண்டையார்பேட்டைப் புலவர்:
'உறை' இருக்கத் தயக்கம் எதற்கு? வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, நம் வீட்டுக் கிணற்றுக்கும் உறை. உறைதல் என்றால் தங்குதல். உறைவிடம் அப்படி வந்தது. உறைமோரையும் இதனுடன் சேர்ப்பேன். ஓடும் பாலை நிறுத்துவது உறைமோர் என்றால், ஓடும் மின்னை நிறுத்துவது மின்னுறை.

எண்ணூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஐயா, தாளுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மின்மாற்றியில் எண்ணெயும் இன்சுலேஷன்தான். 'எண்ணெய் உறை கெட்டது' என்றால் எண்ணெய் உறைந்துவிட்டது என்றல்லவா படிப்பார்கள்? பல பழுதுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பிரீதரில் (மின்மாற்றிக்குள் காற்று போய்வரும் வழியில்) ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பான பிறகும் மாற்றாவிட்டால், ஈரம் எண்ணெயில் இறங்கி, பிறகு தாளில் ஏறும். பளு கூடினால் சூடு. சாதாரணத் தாள் என்றால், சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியசைத் தாண்டிய பின் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தாள் மூப்படையும் வேகம் இரட்டிக்கும். எங்கள் பக்கம் கடற்காற்று வேறு. புஷிங்கில் (மின்கம்பி மின்மாற்றிக்குள் நுழையும் பீங்கான் குழலில்) உப்பு படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்தால் மேற்பரப்பிலேயே பொறி பாயும். தாள், எண்ணெய், பீங்கான் மூன்றுக்கும் பொதுச்சொல் வேண்டும். அது மின்காப்பு. ரிலேவுக்குப் 'பாதுகாப்பு' இருக்கட்டும்.

புலவர்:
மின்காப்பு என்றால் மின்னைக் காப்பதா, மின்னிலிருந்து காப்பதா? இரண்டாம் வேற்றுமையா, ஐந்தாம் வேற்றுமையா?

இராயபுரம், மெய்ப்புத் திருத்துபவர்:
57ஆம் குறளில் 'காப்பு' இருமுறை வருகிறது. வள்ளுவரே 'சிறைகாக்கும்', 'நிறைகாக்கும்' என்று அடை கொடுத்துத்தான் பிரித்தார் ஐயா. நமக்கும் அடை போதும். என் தம்பி கம்பம் ஏறுபவன். 'இன்சுலேஷன்' என்றுதான் சொல்வான். முதல் வரியில் அதையும் போடுங்கள். உயிரோடு விளையாடும் வேலையில் சொல் புரியாமல் போகக் கூடாது.

ஆசிரியர்:
மின்காப்புக்கு மூவர், மின்னுறைக்கு ஒருவர். நாளை மின்காப்பு என்றே அனுப்புகிறேன்.

புலவர்:
அனுப்புங்கள். சுருளில் சுற்றும் தாளை மட்டும் என் படியில் 'மின்னுறைத் தாள்' என்று திருத்திக்கொள்வேன். அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுகிறேன்.