மழைச் சத்தத்தில் விழிக்கும் அம்மா: டயசிபாமை விட்டு எந்த மருந்துக்கு மாறுவது?

ஊவாத்தூறல்:

இலங்கை, பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 47 வயது, கொழுந்து எடுக்கிறவர். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால் மேடு சரிந்து எட்டு மாதமாகிறது. உயிருக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழும்புகிறார். தகரத்தில் மழை விழத் தொடங்கினால் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கதவைத் திறந்து வாசலில் போய் நிற்பார். சரிந்த பக்கத்துப் பாதையில் நடப்பதே இல்லை.

டயசிபாம் (தூக்கக் குளிசை) 5 மி.கி. இரவில் ஒன்று, நாலு மாதமாக. முதல் மாதம் நல்ல தூக்கம். இப்போது போட்டாலும் எழும்புகிறார், போடாவிட்டால் கை நடுங்குகிறது. கிளினிக்கில் செர்ட்ரலின் 50 (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் குளிசை) எழுதினார்கள். குமட்டலும் படபடப்பும் கூடிவிட்டது என்று ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டார். மூட்டுவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போடுவார். பிரஷர், சீனி எதுவும் இல்லை.

கேட்க விரும்புவது: செர்ட்ரலின் அம்மாவுக்கு ஒத்துவராத மருந்தா? டயசிபாமை எப்படி விடுவது? கெட்ட கனவுக்குப் பிரஷர் குளிசை ஒன்று இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

மருந்துப்பெட்டி:

ஒத்துவரவில்லை என்று ஒன்பது நாளில் சொல்ல முடியாது. இந்த மருந்தில் பக்கவிளைவு முதலாம் நாளே வந்துவிடும், பலன் நாலு முதல் ஆறு கிழமை கழித்துத்தான் வரும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். அதுவும் பதற்றம் உள்ளவருக்கு முதல் நாளே 50 போட்டால் படபடப்பு கூடுவது சகஜம். 25 மி.கி., அதாவது 50 குளிசையில் பாதி, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஏழு முதல் பத்து நாள். பிறகு 50. இரவில் போட்டால் சிலருக்கு இருக்கிற தூக்கமும் போய்விடும், அதனால் காலை. நாலு முதல் ஆறு கிழமையில் ஓரளவுதான் பலன் என்றால் 100க்குக் கூட்டுவார்கள், உச்ச அளவு 200. குணம் தெரிந்தபின் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். "நல்லாயிட்டேன்" என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும், தலைக்குள் மின்சாரம் தட்டுவது போன்ற உணர்வும் வரும்.

அம்மாவின் அறிகுறிகள் காட்டுவது போன்ற நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவுக்கென்று (PTSD) அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டவை இரண்டே இரண்டு: செர்ட்ரலின், பரொக்செட்டின். வென்லஃபாக்சினுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. செர்ட்ரலின் கிடைக்காத இடத்தில் ஃப்ளுவொக்செட்டின் எழுதுவதும் உண்டு.

டைக்ளோஃபெனாக்கைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். செர்ட்ரலினோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். மூட்டுக்குப் பெனடோல் (பரசிட்டமோல்) போதுமா என்று முதலில் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று டிரமடோல். வலிக்கு யாராவது அதை எழுதினால் செர்ட்ரலின் போடுவதைச் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

இனி டயசிபாம். இந்த வருத்தத்துக்கு அது மருந்தே அல்ல. தூங்க வைக்கும், பயத்தை ஆற்றாது. கிழமைக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும். போடாத நாள் கை நடுங்குவது அதற்குத்தான், நோய் முற்றியதால் அல்ல. நாலு மாதம் போட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பொதுவாகக் குறைக்கும் முறை: செர்ட்ரலின் ஆரம்பித்து நாலைந்து கிழமை நிலைத்த பிறகு 5 இலிருந்து 4 (இரண்டு 2 மி.கி. குளிசை), இரண்டு கிழமை கழித்து 3, பிறகு 2, பிறகு 1, பிறகு நிறுத்தம். ஒவ்வொரு படியும் இரண்டு கிழமை. ஒரு படியில் நடுக்கம் வந்தால் அங்கேயே இன்னும் இரண்டு கிழமை நிற்கலாம், மேலே ஏறக் கூடாது. இதைச் செய்ய 2 மி.கி. குளிசையாகத் துண்டில் (மருந்துச்சீட்டில்) எழுதி வாங்க வேண்டும். பாமசிக்காரரிடம் துண்டு இல்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது.

டயசிபாம் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். இரவு போட்டது அடுத்த நாள் மலையிலும் தள்ளாட வைக்கும். கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) பிடிக்கும் வேலைக்கு அந்த நாட்களில் வேண்டாம். சாராயம், கசிப்பு அறவே கூடாது, குடியும் டயசிபாமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். தூக்கத்துக்குப் பிரிட்டன் (தடிமன், அலர்ஜிக் குளிசை) போடும் பழக்கமும் நம் பக்கம் நிறைய. அது சில நாளில் பலனிழந்துவிடும், வாய் வறட்சியும் காலை மந்தமும்தான் மிஞ்சும்.

இரவுவார்ட்:

கெட்ட கனவுக்குச் சொல்லப்படுவது பிராசோசின். பிரஷருக்கும், ஆண்களுக்கு மூத்திரம் அடைக்கும் பிரச்சினைக்கும் கொடுப்பது. மூளையில் நோரட்ரினலின் போடும் கூச்சலைத் தணிப்பதால் கனவுக்கு உதவும் என்பது கணக்கு.

லயத்து வீட்டில் இதைத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் பெரியது. முதல் குளிசைக்குப் பிறகு எழுந்து நின்றால் பிரஷர் சடாரென்று இறங்கி மயங்கி விழலாம். போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும். இரவு ஒன்பதுக்குப் போட்டவர் பதினொன்றரைக்கு வெளியே கக்கூசுக்கு எழும்புகிறார் என்று வையுங்கள். குளிர், இருட்டு, பாசி பிடித்த ஏழெட்டுக் கல்படி. அங்கேதான் விழுவார்கள். ஆகவே:

குளிசைக்கு முன் கக்கூசுக்குப் போய்வந்துவிட வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து குடித்து அப்படியே படுக்க வேண்டும். முதல் மூன்று இரவும், அளவு கூட்டும் ஒவ்வொரு முதல் இரவும், காம்பராவுக்குள்ளேயே (அறைக்குள்ளேயே) மூடியுள்ள ஒரு வாளி வைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எழும்பத்தான் வேண்டுமென்றால் ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, சுவரைப் பிடித்து நின்று, ஒருவர் கூட நடக்க வேண்டும். அம்மாவுக்கு அலறி எழுந்து வாசலுக்கு ஓடும் பழக்கம் இருப்பதால் முதல் இரவுகளில் கதவுப் பக்கம் வேறொருவர் படுப்பது நல்லது.

தொடங்குவது 1 மி.கி., மூன்று இரவு. பிறகு 2 மி.கி. ஒரு கிழமை. அதன்பின் பிரஷர் பார்த்து மெதுவாகக் கூட்டுவார்கள். படுத்தபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், மேல் எண் 20 இறங்கினால் கூட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவுக்குத் தாவாமல் 1 மி.கி. இலிருந்தே மறுபடி ஏற வேண்டும். மருந்து முடிந்து கிளினிக் நாள் வரை காத்திருந்தவர்கள் இதை மறந்துதான் விழுகிறார்கள். வீட்டில் தாத்தாவுக்குப் பிரஷருக்குக் கொடுத்த குளிசையை எடுத்துப் போட்டுப் பார்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

நெஞ்சுப் படபடப்புக்குப் புரோப்ரனலோல் யாராவது சொன்னால்: வீசிங் இருக்கிறவருக்கு அது ஆகாது.

செர்ட்ரலின் தொடங்கும் முதல் கிழமைகளில் அமைதியின்மை கூடி, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். இளவயதினருக்கு இந்த ஆபத்து கூட. 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். அவசரமென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ்.

கணக்குப்பிள்ளை:

பிராசோசினை அற்புதமாக நினைத்துவிட வேண்டாம். சிறிய ஆய்வுகள் நன்றாக வந்தன. ஆனால் 304 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்து 2018 இல் வெளியான பெரிய ஆய்வில் மருந்தில்லாத வெற்றுக் குளிசையை விட மேலான பலன் தெரியவில்லை. அதன் பிறகும் கனவுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம் என்ற அளவில் டொக்டர்மார் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மாதத்தில் கனவு குறையாவிட்டால் நிறுத்தக் கேட்பதுதான் நியாயம்.

ஊவாத்தூறல்:

நன்றி. இன்னும் இரண்டு. தோட்ட டிஸ்பென்சரியில் அமிட்ரிப்டிலின் 25 தந்திருக்கிறார்கள், இன்னும் போடவில்லை. அடுத்தது, கிளினிக் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மா "தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அதற்கே ஒரு நாள் பேர் (நாட்கூலி) போகிறது.

கிளினிக்கொப்பி:

இரண்டாவதுதான் முக்கியம், அதை முதலில் சொல்கிறேன். "தூக்கமில்லை" என்ற ஒரு சொல்லுக்குக் கிடைப்பது தூக்கக் குளிசைதான். மண்சரிவு என்ற சொல் டொக்டரின் காதில் விழ வேண்டும். இந்தச் சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள்: "கந்த நாய கியா" (மலை சரிந்தது), "ரேட்ட பய ஹீன பேனவா" (இரவில் பயக் கனவு வருகிறது), "வெஸ்ஸட்ட பயய்" (மழைக்குப் பயம்), "மே பெஹெத்த பீலா வெடி வுணா" (இந்த மருந்து குடித்துக் கூடிவிட்டது). கடைசி வரியைச் செர்ட்ரலின் அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள், பிள்ளை முன்னால் அம்மா பாதியை விழுங்கிவிடுவார். வார்டில் தமிழ் பேசும் தாதியோ உதவியாளரோ இருந்தால் அவரைக் கேளுங்கள்.

கொப்பியின் பின்பக்கத்தில் பதினாலு நாளைக்கு ஒவ்வொரு காலையும் நாலே விடயம்: படுத்த நேரம், எத்தனை தரம் எழும்பினார், கனவு உண்டா இல்லையா, எந்தக் குளிசை எத்தனை. பத்து நிமிடம் பேசிச் சொல்ல முடியாததை அந்தப் பக்கம் சொல்லிவிடும். எல்லாக் குளிசை அட்டைகளையும், பாமசியில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்கக் கேளுங்கள். 47 வயதில் இரவு வேர்வைக்கும் படபடப்புக்கும் அவையும் காரணமாகலாம், மாதவிடாய் நிற்கும் காலமும் காரணமாகலாம். அம்மாவின் ஊர் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு அந்த நாளுக்கே போனால் பேர் இரண்டு முறை போகாது.

அமிட்ரிப்டிலின் 10, 25 அளவில் தூக்கம் தரும், வலியையும் கொஞ்சம் குறைக்கும். மனவடுவைத் தணிக்க அந்த அளவு போதாது. வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் தலை கனம் இருக்கும். டயசிபாமோடு சேர்ந்தால் மந்தம் இரட்டிப்பு, செர்ட்ரலினோடு சேர்ந்தால் இதன் அளவு இரத்தத்தில் ஏறும். ஆகவே மூன்றையும் ஒன்றாகப் போடும்படி வந்துவிடக் கூடாது. முக்கியமாக, அளவுக்கு மேல் விழுங்கினால் இதயத்தை நிறுத்தும் மருந்து இது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் காம்பராவில் பூட்டுள்ள டின்னில் வையுங்கள். கிளினிக்கில் காட்டும்வரை போடாமல் இருப்பதே சரி.

சாயத்தண்ணி:

மருந்துப் பேச்சு முடிந்தது என்பதால் இதை எழுதுகிறேன், உளவளத்துணைப் பக்கத்திலிருந்து. குளிசை பயத்தின் சத்தத்தைக் குறைக்கும். கனவையும் மழையையும் தனியாகத்தான் கையாள வேண்டும்.

கனவு: மலையால் வந்து சாயத்தண்ணி குடித்த பிறகு, நாலு நாலரை மணி வெளிச்சத்தில், பத்துப் பதினைந்து நிமிடம். அதே கனவை அம்மா சொல்ல வேண்டும், ஆனால் முடிவை அவரே மாற்ற வேண்டும். மண் கதவை அடைக்கிறது என்று கனவு வந்தால், "நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறிட்டேன், கீழே விளக்கு எரியுது" என்று. மாற்றிய கனவைத்தான் தினமும் சொல்லிப் பார்ப்பது, பழையதை அல்ல. படுக்கப்போகும் நேரத்தில் செய்யக் கூடாது. சில கிழமை விடாமல் செய்ய வேண்டும். சொல்லும்போதே நடுங்கி அழுதால் நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோடு மட்டும் செய்யுங்கள்.

மழை: இந்தப் பயத்தில் பாதி நியாயமான பயம். அதனால் "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லாதீர்கள், அவர் நம்ப மாட்டார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை மாலை ஆறு மணிக்கு ஒருமுறை பார்த்து அம்மாவிடம் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை என்றால் கவனம் (மஞ்சள்), 100 என்றால் வெளியேறத் தயார் (செம்மஞ்சள்), 150 என்றால் வெளியேற்றம் (சிவப்பு). மஞ்சளும் இல்லையென்றால் இன்று படுக்கலாம் என்பது முடிவு, அதன்பின் இரவு முழுக்கப் போனை நோண்டுவது இல்லை. செம்மஞ்சள் என்றால் டயசிபாமோ அமிட்ரிப்டிலினோ குடிப்பதற்கு முன்னாலேயே பாதுகாப்பான சொந்தக்கார வீட்டுக்குப் போய்விட வேண்டும். மருந்து மயக்கத்தில் இருப்பவரை இருட்டில் எழுப்பிப் படியிறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். லயமே ஆபத்து வலயத்தில் இருந்தால் எந்தக் குளிசையும் தூக்கம் தராது. அந்த விடயத்தைக் கிராம அலுவலரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

நேரம்: பெரட்டுக்கு (காலை வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) எழும்பும் ஐந்து மணி ஞாயிறும் மாறக் கூடாது. எட்டு மணிக்கே படுத்துப் புரள வேண்டாம், கண் சொக்கும்போது, பத்து மணி போலப் படுக்கட்டும். கடைசிச் சாயத்தண்ணி மதியம் இரண்டுக்கு முன். தேயிலைக்குள்ளேயே வாழ்கிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், நாலு மணிக்கு ஒன்று வேண்டுமென்றால் இஞ்சித் தண்ணி. மேலே எழுதிய நாலு மணிச் சாயத்தண்ணியையும் அப்படியே மாற்றி வாசியுங்கள்!

ஊவாத்தூறல்:

கொப்பியை இன்றே தொடங்குகிறேன். செர்ட்ரலின் குளிசையில் நடுக்கோடு இல்லை, பாதியாக்குவது எப்படி?

மருந்துப்பெட்டி:

பாமசியில் குளிசை வெட்டும் சிறிய பெட்டி கேளுங்கள். இல்லையென்றால் காய்ந்த பலகையில் வைத்துப் புதிய பிளேடால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள், அறுக்காதீர்கள், பொடிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் வெட்ட வேண்டும். மற்றப் பாதியைச் சிறிய மூடிப் போத்தலில் போட்டு அடுத்த நாள் காலை அதையே கொடுங்கள். கிழமைக்கும் சேர்த்து வெட்டி வைத்தால் நம் பக்க ஈரத்தில் மூன்றாம் நாளே பிசுபிசுத்துவிடும். அடுப்படித் தட்டிலும் வைக்காதீர்கள்.