கல்லூரிக்குப் போகிறேன், மின்னலை என்ன செய்வது?

கேள்வி:
ஊர் கோபி பக்கம். ஆகஸ்ட் கடைசியில் சென்னை விடுதிக்குப் போகிறேன். மின்னல் என் குதிரை, 11 வயது கத்தியவாரி இனப் பெட்டை. நான் ஏழாவது படிக்கும்போது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் அப்பா வாங்கித் தந்தது. இரண்டு காதும் உள்ளே வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். என் குரலுக்குத்தான் திரும்புகிறாள் என்று பெருமையடிப்பேன் (உண்மையில் வெல்லத்துக்கு). அப்பாவுக்கு முதுகுவலி, பார்த்துக்கொள்ள முடியாது. இந்த ஆடியிலேயே விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனசே இல்லை.

பதில் 1:
சந்தை வேண்டாம் அம்மணி. வாங்குகிறவர் வண்டியில் பூட்டுவாரா, கல்யாண ஊர்வலத்துக்கு விடுவாரா, யாருக்குத் தெரியும்? குதிரை 25, 30 வருஷம் இருக்கும். தெரிந்த தோட்டத்தில் விடப் பாருங்கள்.

பதில் 2:
எங்கே விட்டாலும் அவள் தின்னும் கொள்ளு, தவிடு பத்து நாளைக்குக் கூடவே அனுப்புங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் உண்டா என்றும் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சத்தியமங்கலத்தில் பெரியப்பா தோட்டம் இருக்கிறது, பேசிப் பார்க்கிறேன். அப்புறம், நேற்று ராத்திரி அப்பாவே கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். முதுகுவலி என்னாச்சு என்றேன். பதிலே இல்லை.