விழுங்கச் சிரமப்படும் அம்மாவின் குளிசைகள்: மருந்தாளர்களிடம் ஓர் உதவி

குழுவிலுள்ள மருந்தாளர்களுக்கும் தாதியர்களுக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில் எங்களுடன் இருக்கும் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபின் விழுங்குவது கடினமாகிவிட்டதால், எல்லாக் குளிசைகளையும் கரண்டியால் நசுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுத்து வந்தேன். சென்ற வாரம் இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் 20 மில்லிகிராம் குளிசையை அப்படிக் கொடுத்தபோது, சிறிது நேரத்தில் அவருக்கு முகம் சிவந்து, வியர்த்து, எழுந்திருக்க முடியாதபடி தலை சுற்றியது. அது மெல்ல மெல்லக் கரைந்து பல மணித்தியாலங்கள் வேலை செய்வதற்கென்றே தயாரிக்கப்பட்டது என்பதையும், நசுக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். குளிசை அட்டையில் அதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. மருந்து தந்த இடத்தில் எவரும் அதை விளக்கவில்லை என்பது இன்னும் மனதை வருத்துகிறது.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்தின் கூட்டை (கப்சியூலை) திறந்தால் கடுகைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள் கொட்டுகின்றன. இரைப்பை அமிலத்தில் மருந்து சிதையாதிருக்கவே அவற்றுக்குப் பூச்சு இடப்பட்டுள்ளது என்பதால் அவற்றை அரைப்பதையும் நிறுத்திவிட்டேன். ஆனால், அவற்றை மெல்லாமல் விழுங்க வைப்பது எப்படி? அம்மாவின் நீரிழிவு மருந்தான மெற்ஃபோமினும் மெதுவாகக் கரையும் வகைதான். அதற்குப் பதிலாகப் பாணி மருந்து கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா? மருத்துவரைக் கேளாமல் எதையும் மாற்றமாட்டேன். அடுத்த கிளினிக்கில் அவரிடம் எவற்றையெல்லாம் கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.