ஏரிப் பாசனம் பற்றி மகளுக்குப் புத்தகங்கள் வேண்டும்

வணக்கம். மகள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் ஸ்கூலில் மூன்றாம் ஆண்டு. அங்கே ஆயத்தமான மேஜர் (முதன்மைப் பாடம்) கிடையாது. மாணவர்களே பல துறைப் பாடங்களைச் சேர்த்துத் தங்கள் படிப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். இவள் எடுத்திருப்பது 'தண்ணீரும் ஊராட்சியும்': நீரியல், வரலாறு, சட்டம் மூன்றும் கலந்தது. (சொந்தக்காரர்களுக்கு இது என்ன டிகிரி என்று விளக்குவது என் தலைவலி, அதை விடுங்கள்.)

பட்டம் வாங்குமுன் கொலோக்வியம் என்று ஒன்று உண்டு. 20 முதல் 25 படைப்புகள் கொண்ட பட்டியலை அவளே தயாரித்து, அதை வைத்துப் பேராசிரியர்களோடு உரையாட வேண்டும். பழங்காலப் படைப்புகளும் அதில் வேண்டுமாம். கிரேக்கம், ரோம் என்று நிறையச் சேர்த்துவிட்டாள். நம் பக்கம் உத்திரமேரூர் கல்வெட்டு மட்டும்தான். முதலாம் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் ஊர்க்குழு) குடவோலை போட்டு ஆள் எடுத்த விவரம் அதில் இருக்கிறதே!

குடிமராமத்து (ஊராரே ஏரி, கால்வாய்களைப் பராமரிப்பது), மடை (ஏரி நீரைத் திறந்துவிடும் வாய்), நீர்ப்பங்கீடு பற்றி ஆங்கிலத்தில் நல்ல நூல்கள் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கல்வெட்டு தெரிந்தவர்கள் யாராவது அவளோடு அரைமணி நேரம் பேச முடிந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். "பேசாமல் கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லுங்க" என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.