அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எங்கே?

கேட்டவர்: மலைக்கோட்டையான்
போன வாரம் பாரிமுனையில் ஒரு வேலை. ஆட்டோக்காரர் "அரண்மனைக்காரத் தெரு" என்று சொல்லி இறக்கிவிட்டார். பலகையில் ஆங்கிலத்தில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட். கோடிக்குக் கோடி நடந்தும் அரண்மனை கண்ணில் படவில்லை. இடித்துவிட்டார்களா?

மண்ணடிப் பேரன்
இருந்தால்தானே சார் இடிக்க! ஆர்மேனியன் நம் வாயில் உருண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். பட்டும் ரத்தினமும் விற்க வந்தவர்கள். அவர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயில் இன்னும் அங்கே இருக்கிறது, மணிக்கூண்டில் ஆறு மணிகளோடு. உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-ல் அச்சானது நம்ம சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே.

சைதாப்பேட்டையில் 1726-ல் முதல் பாலம் கட்டியவரும் ஓர் ஆர்மேனியர், பெட்ரூஸ் உஸ்கான். அதற்கு மர்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலத்தைத்தான் அப்படிக் கடித்துத் துப்பியிருக்கிறார்கள். ஆக, கணக்கு நேர்.

சௌகார்பேட்டை வாசி
பக்கத்திலேயே பவளக்காரத் தெரு. பவள வியாபாரம் செய்த யூதர்கள் இருந்த இடம். இப்போது பவளமும் இல்லை, அவர்களும் இல்லை. நான் வளர்ந்தது தங்கசாலைப் பக்கம். எங்கள் வீட்டில் தெலுங்கு, மாடியில் மார்வாடி, எதிர்வீட்டில் குஜராத்தி. குழாயடிச் சண்டை மட்டும் சுத்தமான தமிழில் நடக்கும்.

மலைக்கோட்டையான்
அருமை! அடுத்த முறை நிதானமாகச் சுற்ற வேண்டும். அந்தப் பக்கம் எங்கே சாப்பிடலாம்?

மண்ணடிப் பேரன்
சாயங்காலமாக வாருங்கள், அத்தோ சாப்பிடலாம். என் தாத்தா 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். பர்மாவில் நெ வின்னின் ராணுவ அரசு கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட வருஷம். அவரைப் போல வந்தவர்களுக்காக 1969-ல் போட்டதுதான் பர்மா பஜார். அந்த ஜனங்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது.

இரண்டாவது கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கரண்டியால் கலந்தால் அது அத்தோவே இல்லை என்பது தாத்தா கட்சி, என் கட்சியும். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் வைத்துத் தருவதையும் விட்டுவிடாதீர்கள், அதை ஒரே வாயில் போட வேண்டும்.

வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம் சார்.